பிரேக் கத்தினால் காரணம் சொல்பவர்

வண்டி ஓட்டும் மனிதர்களுக்குள் ஓர் இனம் இருக்கிறது. வண்டியில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் சாதாரண மனிதர் என்ன செய்வார்? பயப்படுவார். பிறகு மெக்கானிக்கைத் தேடிப் போவார். போகாவிட்டால் பயந்துகொண்டே ஓட்டுவார். அதுவும் மனித இயல்புதான். இந்த இனத்தவர் இரண்டையும் செய்யமாட்டார். காரணம் சொல்வார்.

நீங்கள் நிச்சயம் அவரோடு ஒரு தடவையாவது வண்டியில் போயிருப்பீர்கள். முதல் நாள் சத்தம் வந்தபோது கண்ணாடியை ஏற்றியிருப்பார். கண்ணாடியைத் தாண்டியும் அது உள்ளே வந்தபோது ரேடியோவைக் கூட்டியிருப்பார். ரேடியோவையும் மீறிக் கேட்டபோது பின்னிருக்கையில் இருந்த உங்களைத் திரும்பிப் பார்த்து, "உங்க பக்கக் கதவு சரியா மூடலையோ?" என்று கேட்டிருப்பார்; நீங்கள் கதவை இரண்டு தடவை திறந்து மூடி, மன்னிப்பும் கேட்டிருப்பீர்கள். சிக்னலில் அவர் வண்டி கிறீச்சென்று நிற்கும்போது தெருவே திரும்பிப் பார்க்கும். அவரும் திரும்பிப் பார்ப்பார். பக்கத்து வண்டிக்காரரை! 'இதையெல்லாம் ரோட்டில் விடுகிறார்களே' என்கிற வருத்தம் அவர் முகத்தில் அப்படியே எழுதியிருக்கும்.

இவர்களை முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முட்டாளுக்கு இத்தனை காரணம் எங்கிருந்து கிடைக்கும்? நல்ல படிப்பும் நல்ல மூளையும் வேண்டும். எங்கள் மலையூரான டூவூம்பாவில் இந்த இனத்தின் முதல்தரமான மாதிரி டெஸ்மண்ட் ஹார்கிரேவ். அவருக்குக் காதும் இருந்தது என்பதுதான் விசேஷம்.

காது என்றால் சாமானியக் காது இல்லை. டெஸ்மண்டின் தொழில் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது. டால்பி முதல் வாரிக் வரை, பள்ளிக்கூடம், தேவாலயம், பாட்டி இறந்த பிறகு யாரும் தொடாத வரவேற்பறைப் பியானோ என்று எங்கே கம்பி தளர்ந்தாலும் அவர்தான் தன் வெள்ளை ஸ்டேஷன் வேகனில் போய் இறங்குவார். அது போக, ஊர்ப் பாடற்குழுவுக்கு இருபத்திரண்டு வருஷமாக அவரே தலைவர். புதன்கிழமை ஒத்திகையில் நாற்பது பேர் பாடிக்கொண்டிருக்கும்போது கையை உயர்த்தி நிறுத்துவார். "மூன்றாம் வரிசையில் யாரோ ஒருவர் அரை மாத்திரை முன்னால் மூச்சு வாங்கினீர்கள்" என்பார். மூன்றாம் வரிசையில் ஒருவர் சிவந்துபோவார். அப்பேர்ப்பட்ட காது.

அந்தக் காதுக்குப் பக்கத்தில், ஒரு கை தூரத்தில், முன்சக்கரத்தில் பிரேக் கத்த ஆரம்பித்தது மார்ச் மாதத்தில்.

"டெஸ், அது என்ன சத்தம்?" என்று கேட்டாள் அவர் மனைவி கொரலி.

"எஃப் ஷார்ப்" என்றார் டெஸ்மண்ட். "ஒரு நூல் கீழே."

"நான் என்ன ஸ்வரம்னு கேக்கல. என்ன சத்தம்னு கேட்டேன்."

"ஈரம், கொரலி. ராத்திரி மழை பெஞ்சிருக்குல்ல? ஈரம் காய்ஞ்சா நின்னுடும்."

ஈரம் காய்ந்தது. சத்தம் நிற்கவில்லை. ஏப்ரலில் அது எங்கள் ஊர்ச் செம்மண் தூசி ஆனது. மே மாதம் புதிதாகப் போட்ட ரவுண்டானாவின் தார் ஆனது. அந்தத் தாரில் ஏதோ கலக்கிறார்களாம், டயருக்கு ஒத்துக்கொள்வதில்லையாம். எங்கள் பக்கத்தில் ஜூன் குளிர்காலம்; உறைபனி விழுந்ததும், "இரும்பு குளிர்ல சுருங்கும், பியானோ கம்பியே சுருங்குது, பிரேக் சுருங்காதா?" என்று கேட்டார். நடுவில் ஒரு வாரம் பழி ஒரு மேக்பை பறவையின் மேல் விழுந்தது. வண்டி நிற்கும்போதெல்லாம் சரியாக அந்தப் பறவை கத்துகிறது என்று அவர் சொன்னபோது கொரலி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். பறவையைத் தேடினாள் என்று டெஸ்மண்ட் நினைத்துக்கொண்டார்.

ஜூலையில் ஒரு நாள் சத்தம் நின்றுவிட்டது.

அன்று டெஸ்மண்டைப் பார்த்திருக்க வேண்டும்! கடைத்தெருவில் தேவையில்லாத இடத்திலெல்லாம் பிரேக் போட்டுக் காட்டினார். "கேட்டியா? ஒண்ணுமில்ல. நான் சொன்னேனா இல்லையா, தானா சரியாயிடும்னு?" வீட்டுக்கு வந்து ஒரு கேக் துண்டு அதிகமாகவே சாப்பிட்டார். இந்த இனத்தவருக்கு இதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. தானாகச் சரியான ஒரு பொருளை வைத்து, இனி தானாகச் சரியாகப்போகிற நூறு பொருள்களை அவர்கள் தள்ளிப்போடலாம் அல்லவா?

மூன்றாம் நாள் வேறு சத்தம் வந்தது. கீச்சு இல்லை, கரகரவென்று, அம்மியில் கல்லை இழுப்பதுபோல.

"இது என்னவாம்?" என்றாள் கொரலி.

டெஸ்மண்ட் கொஞ்சம் யோசித்தார். "கீழ்க்குரல் சேர்ந்திருக்கு" என்றார்.

பாடற்குழுவில் தெல்மா பிக் என்று ஒருத்தி இருந்தாள். வயது எழுபத்து நாலு. தாழ்குரல் வரிசையின் தூண். குழுவில் சேருவதற்கு முன் முப்பது வருஷம் மாட்டு லாரி ஓட்டியவள். ரேஞ்ச் மலையிறக்கத்தில் அவள் இறக்கிய மாடுகளை நிற்க வைத்தால் பிரிஸ்பேன் வரை வரிசை போகும் என்பார்கள். புதன்கிழமை ஒத்திகை முடிந்து எல்லோரும் தேநீர்க் கோப்பையும் தேங்காய்த்தூள் தூவிய லாமிங்டன் கேக்குமாக மண்டப வாசலில் நின்றிருந்தபோது, டெஸ்மண்ட் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினார். தெல்மா லாமிங்டனைக் கடித்த வாயோடு அப்படியே நின்றாள். தேங்காய்த்தூள் சட்டையில் கொட்டியது.

"ஏம்ப்பா டெஸ், உன் வண்டிக்கு உடம்பு சரியில்ல."

"அது பழைய வண்டி தெல்மா, கொஞ்சம் முனகும்."

"முனகலா? இரும்பும் இரும்பும் உரசுது. பிரேக் பேட் போயே போச்சு. சனிக்கிழமை இதுலயா ரேஞ்ச் இறங்கப் போற?"

சனிக்கிழமை இப்ஸ்விச்சில் பாட்டுப் போட்டி. குழுவுக்கு ஒரு பஸ் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆனால் அந்த பஸ் டிரைவர் வழியெல்லாம் ஏதோ ஒரு சுருதி கெட்ட பாட்டைப் போடுவான், அது காதில் விழுந்தால் மேடையில் கை ஓடாது என்று டெஸ்மண்ட் தன் வண்டியிலேயே வருவதாகச் சொல்லியிருந்தார். பஸ்ஸில் ஓர் இடம் குறைந்ததால் தெல்மாவும் அவர்கள் வண்டியில் என்று முடிவாகியிருந்தது.

கொரலியும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். இருவரும் டெஸ்மண்டின் முகத்தைப் பார்த்தார்கள்.

"நாளைக்கே மெக்கானிக்கிட்ட காட்டிடறேன்" என்றார் டெஸ்மண்ட்.

வியாழக்கிழமை உண்மையிலேயே போனார். ருத்வென் தெருவைத் தாண்டி மெக்கானிக் ஷோனாவின் பட்டறை வரைக்கும் போனார். எதிர்ப்புறம் வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். உள்ளே யாரோ ஒருவர் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஷோனா ஏதோ ஓர் உதிரிபாகத்தைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னாள். தொப்பிக்காரர் தலையாட்டினார். ஒன்றும் புரியாதவன் ஆட்டுகிற தலையாட்டல் அது. டெஸ்மண்டுக்கு நன்றாகத் தெரியும், பியானோவின் உள்ளே கைவிட்டு அவர் விளக்கும்போது வீட்டுக்காரர்கள் அப்படித்தான் ஆட்டுவார்கள். அவர் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி, முன்சக்கரத்தின் ஓட்டைகள் வழியே குனிந்து ஒரு தடவை பார்த்தார். வட்டமாக ஏதோ தெரிந்தது. வட்டமாகத்தானே இருக்க வேண்டும்? வீட்டுக்குத் திரும்பினார்.

"பார்த்தாச்சா?" என்றாள் கொரலி.

"பார்த்தாச்சு" என்றார்.

பொய் என்று சொல்லமுடியுமா? குனிந்தார், பார்த்தார். இந்த இனத்தவர் பொய் சொல்வதே இல்லை. சொற்களை மட்டும் கொஞ்சம் தளர்த்திக்கொள்வார்கள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஊர் பனிமூட்டத்தில் இருந்தது. தெல்மா முன்னிருக்கையில் ஏறி சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "என்ன சொன்னா ஷோனா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்குன்னு."

இது தளர்த்தல் இல்லை. இது சுத்தமான, கலப்படமற்ற பொய். சொன்ன உடனே டெஸ்மண்டுக்குக் காது சூடாகியது. பின்னிருக்கையில் கொரலி பாட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தக் குழுவின் பாட்டெல்லாம் மனப்பாடம். ஆனாலும் தாள்களை அடுக்குவாள். பள்ளி நூலகத்தில் இருபது வருஷம் வேலை பார்த்த கை.

ரேஞ்ச் இறக்கம் தொடங்கியது. கனரக வண்டிகள் கியரைக் குறைக்கவும் என்ற பலகை வந்தது. டெஸ்மண்டுக்கு அதில் சம்பந்தமில்லை. அவர் கனரகம் இல்லையே. பிரேக் பெடலில் காலை வைத்தவர் எடுக்கவே இல்லை. முதல் வளைவு வரை கரகரப்பு. இரண்டாம் வளைவில் கரகரப்போடு ஒரு வாசனையும் வந்தது, அடுப்பில் வெறும் வாணலியைக் காயவிட்டதுபோல.

"லாரி நாத்தம்" என்றார் டெஸ்மண்ட்.

"லாரி எதுவும் முன்னாடி இல்லையே" என்றாள் கொரலி.

"கொஞ்சம் முன்ன போயிருக்கும்."

தெல்மா டெஸ்மண்டின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வளைவுக்கு மேலே அந்தக் கால் சட்டென்று உள்ளே போனது. பெடல் தரையைத் தொட்டது. வண்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"டெஸ்" என்றாள் தெல்மா, சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்பதுபோல நிதானமாக. "கியரைக் குறை."

"பிரேக் கொஞ்சம்…"

"பிரேக் இல்ல. அது முடிஞ்ச கதை. கியரைக் குறை!"

குறைத்தார். இஞ்சின் அலறியது. வேகம் கொஞ்சம் அடங்கி, மறுபடி எழுந்தது. கை பிரேக்கை இழுத்தார்; பின்சக்கரம் ஒரு தடவை முனகிவிட்டு ஓய்ந்தது. பனிமூட்டம் விலகிய இடத்தில், கீழே, வைக்கோல் கட்டுகளை அடுக்கிய லாரி ஒன்று ஆமைபோல ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் விளக்குகள் நொடிக்கு நொடி பெரிதாகின. டெஸ்மண்டின் வாய் திறந்தது. காரணம் ஒன்றும் வரவில்லை. ஐந்து மாதத்தில் முதல் தடவை.

"இடது பக்கம் பாரு, கல்லுத் தடம்!" தெல்மா கையை நீட்டினாள். "அதுல விடு!"

மலைச்சரிவில் பிரேக் அற்றுப்போன லாரிகள் ஓடி நிற்பதற்காகக் கூழாங்கல்லைக் கொட்டி வைத்திருக்கும் தடம் அது. ஊரில் எல்லோரும் ஆயிரம் தடவை பார்த்திருப்போம். அதற்குள் போனவர் யாரையும் நமக்குத் தெரியாது.

டெஸ்மண்ட் என்ன சொன்னார் தெரியுமா? அந்த நேரத்தில்?

"அது லாரிங்களுக்கு, தெல்மா! நாம லாரி இல்ல!"

"இப்ப நாமதான் லாரி! திருப்புடா!"

முப்பது வருஷம் மாடுகளை அதட்டிய குரல். டெஸ்மண்டின் கைகள் அவரைக் கேட்காமல் திரும்பின. வண்டி சாலையை விட்டு எழுந்து, கல்லுக்குள் விழுந்து, இரண்டு பக்கமும் கூழாங்கல் அலைபோல எழும்பிக் கண்ணாடியில் சடசடவென்று அடிக்க, பாட்டுத் தாள்கள் எல்லாம் பின்னிருக்கையிலிருந்து பறந்து வந்து முன்னால் விழ, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல மெல்ல மெல்லச் சரிந்து, சக்கரம் பாதி புதைந்து, நின்றது.

மூவரும் உயிரோடு இருந்தார்கள். மூவரும் ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். தெல்மாவின் மூக்குக் கண்ணாடி டெஸ்மண்டின் மடியில் கிடந்தது. வைக்கோல் லாரி ஒன்றும் அறியாமல் வளைவில் திரும்பி மறைந்தது.

அந்த நேரத்தில்தான் பாடற்குழுவின் பஸ் மேலிருந்து இறங்கி வந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு என்ன தெரியும்? தலைவர் இயற்கைக் காட்சி பார்க்க நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்து, ஜன்னல்களிலெல்லாம் கையை நீட்டி ஆட்டிவிட்டு, ஹாரனும் அடித்துவிட்டுப் போனார்கள்.

டெஸ்மண்ட் தொண்டையைச் செருமினார். "அது வந்து, இந்தப் பனில…"

"காரணம் சொல்லாதே" என்றாள் கொரலி.

அவள் கத்தவில்லை. டெஸ்மண்டின் காதுக்கு அந்தக் குரல் எந்த ஸ்தாயியில் இருக்கிறது என்று தெரிந்தது. முப்பத்து மூன்று வருஷத்தில் அவள் அந்த ஸ்தாயிக்குப் போனதே இல்லை.

"ஷோனாகிட்ட போனியா?"

"போனேன்."

"உள்ள போனியா, டெஸ்?"

கூழாங்கல் ஒன்று வண்டிக் கூரையிலிருந்து உருண்டு விழுந்தது.

"இல்ல" என்றார். "எதிர்ல நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். மார்ச்லயே கேட்டுச்சு கொரலி. முதல் நாளே தெரியும், ஏதோ தேயுதுன்னு. தேயற சத்தம் எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்?"

"அங்க போய் நின்னா எனக்கு ஒண்ணுமே தெரியாது. அவ ஏதாவது கேப்பா. நான் முழிப்பேன். எந்த இடத்துக்குப் போனாலும் நான்தான் சொல்றவன், மத்தவங்க கேக்கறவங்க. அந்த மேசைக்கு முன்னாடி தொப்பியைப் பிடிச்சுகிட்டு நிக்கறதுக்கு…" அவர் முடிக்கவில்லை.

"அதுக்கு வெக்கப்பட்டு எங்க ரெண்டு பேரையும் மலையில இருந்து உருட்டப் பார்த்தியா?"

டெஸ்மண்ட் மடியில் கிடந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துத் தெல்மாவிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி மாட்டிக்கொண்டு, "நான் கொஞ்சம் காத்து வாங்கறேன்" என்று இறங்கிக் கல்லில் தள்ளாடிக்கொண்டே சாலையோரம் போனாள். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதைவிட நெடுஞ்சாலை பாதுகாப்பானது என்று அவளுக்குத் தெரியும்.

சாலைத் துறை ஆள் ஒருவர் மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு கால் மணியில் வந்து சேர்ந்தார். தெல்மா அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினோரு மணிக்குப் பாட்டா? ரெண்டு பேரை இப்ஸ்விச்ல கொண்டு விட்டுடறேன். ஆனா வண்டியை இழுக்க ஆள் வர்ற வரைக்கும் ஒருத்தர் இங்க இருக்கணும்."

யார் இருப்பது என்பதில் விவாதம் நடக்கவில்லை.

"குழுவை யார் நடத்துவா?" என்றார் டெஸ்மண்ட்.

கொரலி முன்னிருக்கையிலிருந்து பாட்டுத் தாள்களைப் பொறுக்கி, தூசி தட்டி, அடுக்கினாள். "இருபத்திரண்டு வருஷமா உன் கையைத்தான் பார்த்துகிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மஞ்சள் விளக்கு வண்டியில் ஏறினாள்.

இழுவை வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஷோனாவேதான். சனிக்கிழமை அவள் பட்டறையில் வேறு ஆள் இல்லை. நாற்பது வயது, கையில் எண்ணெய்க் கறை, நிதானமான கண். புதைந்த சக்கரத்தைப் பார்த்தாள், டெஸ்மண்டைப் பார்த்தாள். "வியாழக்கிழமை எதிர்ல வெள்ளை வண்டியில உட்கார்ந்திருந்தது நீங்கதானே?" என்றாள்.

டெஸ்மண்டுக்கு அந்தக் கூழாங்கல்லுக்குள்ளேயே இறங்கிவிடலாம்போல இருந்தது.

பட்டறையில் முன்சக்கரத்தைக் கழற்றி, உள்ளேயிருந்த பிரேக் பேடை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அது வெறும் இரும்புத் தகடு. அதன் மேல் விரல் தடிமனுக்கு ஒட்டியிருக்க வேண்டிய பொருள் பூச்சளவுகூட இல்லை. பேட் பிடித்து நிறுத்த வேண்டிய டிஸ்க், பளபளவென்று வழவழப்பாக இருக்க வேண்டியது, ஒழுங்கில்லாமல் ஏர் உழுத வயல்போல வரிவரியாகக் கீறிக் கிடந்தது; ஒரு பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது.

"சத்தம் ஒண்ணும் வரலையா?" என்றாள் ஷோனா.

எத்தனை காரணங்கள் வரிசையில் நின்றன! ஈரம், தூசி, தார், குளிர், பறவை. டெஸ்மண்ட் தொப்பியைக் கையில் எடுத்தார். "வந்துச்சு" என்றார். "அஞ்சு மாசமா."

ஷோனா சிரித்துவிட்டாள். "இந்த மேசைக்கு முன்னாடி நின்ன அத்தனை பேரும் 'நேத்துதான் ஆரம்பிச்சுது'ன்னுதான் சொல்வாங்க. அஞ்சு மாசம்னு ஒத்துக்கிட்ட முதல் ஆள் நீங்கதான்." பிறகு புதுப் பேட் ஒன்றை எடுத்து அதன் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த சின்னத் தகட்டைக் காட்டினாள். "இது தெரியுதா? பேட் தேஞ்சு மெலிஞ்சா இது டிஸ்க்கைத் தொடும். தொட்டா கத்தும். வேணும்னே வச்சது. இதோட வேலையே கத்தறதுதான். அப்பவே வந்திருந்தா பேட் மட்டும் மாத்தியிருக்கலாம்."

டெஸ்மண்ட் அந்தத் தகட்டை விரலால் சுண்டினார். டிங் என்றது. காதருகே கொண்டுபோய் மறுபடி சுண்டினார். எங்கோ ஒரு தொழிற்சாலையில் யாரோ ஒருவர், டெஸ்மண்டைப் போன்ற முகம் தெரியாத ஒருவருக்காக, உட்கார்ந்து யோசித்துச் செய்து வைத்த சத்தம். அவர் அதை மேக்பையின் தலையில் கட்டியிருந்தார்.

"ஒரு பக்கம்தானே கத்துச்சு, ரெண்டு பக்கமும் ஏன் மாத்தணும்?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் உணர்ந்தார்: அது ஒரு கேள்வி. அவர் கேட்டிருக்கிறார். வானம் இடியவில்லை.

"ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கமா இழுக்கும்" என்றாள் ஷோனா. "ஒரு கட்டைக்கு மூணு கம்பி இருக்குமாமே உங்க பியானோல, ஒண்ணை மட்டும் முறுக்கிட்டு விடுவீங்களா?"

அவள் டிஸ்க்குகளை மாற்றினாள். கொதித்துப்போன பிரேக் ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றி, குழாயில் புகுந்த காற்றை எடுத்தாள். டெஸ்மண்ட் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினொன்றரைக்கு அவர் பையில் போன் அடித்தது. தெல்மா. அவள் 'ஹலோ'கூடச் சொல்லவில்லை. போனை மேடைப் பக்கம் நீட்டியிருப்பாள் போல. பாட்டு வந்தது.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் குழுவை அவர் எதிரே நின்று கேட்டிருக்கிறார், தூரத்திலிருந்து கேட்டதில்லை. மூன்றாம் வரிசை மூச்சு வாங்கியது, சரியான இடத்தில். அவர் எப்போதும் இழுத்துப் பிடிக்கிற இடத்தில் கொரலி இழுக்கவில்லை, விட்டுவிட்டாள். நாற்பது பேரும் மேலே போனார்கள். டெஸ்மண்ட் விளக்கைப் பிடித்த கையை அறியாமல் தாழ்த்திவிட்டார்.

"விளக்கு" என்றாள் ஷோனா, வண்டிக்கு அடியிலிருந்து.

"மன்னிக்கணும்" என்று உயர்த்தினார்.

இரண்டாம் பரிசு. அந்தக் குழு அதுவரை வாங்கியதிலேயே பெரியது. டெஸ்மண்டின் காலத்தில் அவர்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் மட்டும் தவறாமல் கிடைத்துவந்தது.

திங்கட்கிழமை வண்டியை எடுக்கப் போனபோது கொரலியும் கூட வந்தாள். இரண்டு நாளாக அவள் உப்பு, சர்க்கரை, தேநீர் தவிர வேறெதுவும் பேசியிருக்கவில்லை. ஷோனா சாவியைக் கொடுத்துக்கொண்டே, "புதுப் பேடும் டிஸ்க்கும் ஒண்ணோட ஒண்ணு பழகணும். காலி ரோடாப் பார்த்து, அறுபதுல போய், முழுசா நிறுத்தாம பத்து வரைக்கும் குறைங்க. அப்புறம் கொஞ்ச தூரம் சும்மா ஓட்டி ஆறவிடுங்க. அப்படி ஒரு பத்து தடவை" என்றாள்.

டெஸ்மண்ட் கையை நீட்டினார். சாவி கொரலியின் கையில் போய் உட்கார்ந்தது. அவர் சுற்றிப் போய் மறுபக்கம் ஏறினார்.

பிட்ஸ்வர்த் போகிற சாலை, ஆளில்லாத நேர்கோடு. அறுபது, பத்து. ஆறவிட்டாள். அறுபது, பத்து. டெஸ்மண்ட் எண்ணினார். நாலாவது தடவை கொரலி கொஞ்சம் அவசரமாகக் குறைத்தாள். வேகம் விடுவதில் ஓர் ஒழுங்கு வேண்டும் என்று அவர் நாக்கு நுனிவரை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. அஞ்சு."

"ஏதோ சொல்ல வந்த."

"சொல்ல வந்தேன். வேணாம்னு விட்டுட்டேன்."

ஏழாவது தடவைக்கு அவள் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. எட்டாவதில் சிரித்தேவிட்டாள். "லாரி இல்லையாம், நாம!" என்று ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை. அது முழுவதும் சிரிப்பு நீர் இல்லை என்பது டெஸ்மண்டுக்குத் தெரிந்தது. கைக்குட்டையைக் கொடுத்தார். "இன்னொரு தடவை நீ இந்த மாதிரி 'பார்த்தாச்சு'ன்னு சொன்னேன்னு வச்சுக்கோ" என்றாள். அதை முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது குழுவைப் போட்டிகளில் கொரலிதான் நடத்துகிறாள். கமிட்டி ரொம்ப மரியாதையாகத் தீர்மானம் போட்டது. டெஸ்மண்ட் கடைசி வரிசையில், இடமிருந்து மூன்றாவதாக நின்று பாடுகிறார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஷோனாவிடம் போய், சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, பேட் எவ்வளவு இருக்கிறது என்று தன் கண்ணாலேயே பார்க்கிறார். திருந்திவிட்டார் என்கிறீர்களா? பிரேக் விஷயத்தில், ஆமாம். போன வாரம் அவர் வீட்டு வெந்நீர்த் தொட்டி டும்டும் என்று தட்ட ஆரம்பித்தபோது, "குழாய் குளிர்ல அப்படித்தான்" என்று ஆரம்பித்தவர், கொரலி தலையைத் திருப்பியதும், "பிளம்பருக்குப் போன் போடறேன்" என்று எழுந்தாராம்.

ஆக, இந்த இனம் அழியாது; ஆளுக்கு ஆள் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். நீங்கள் அந்த இனம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரியாமலா இத்தனை நேரம் உங்களிடம் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருக்கிறேன்? ஆனாலும் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு தடவை தலையைத் தூக்கினீர்கள். உள்ளே எங்கோ கடகடவென்று ஏதோ ஓடுகிறது. காதில் விழுந்ததல்லவா? பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் என்று நினைத்துக்கொண்டு மறுபடி குனிந்தீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் காலி செய்துகொண்டு போய் மூன்று வாரம் ஆகிறது.